பாப்பாவுக்கு ஷூ வேண்டாம்

லாண்டரியில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான். யார் முதலில் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. யாரையோ தூக்கி வளர்த்தவள் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும் முகம் அவளுக்கு. அது உண்மையும்கூட. அவள் தூக்கி வளர்த்தது ஒரே ஒரு தம்பியை.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிற லாண்டரி அது. பெரியக்காவுக்கு ரோலர் என்கிற தேய்ப்பு இயந்திரத்தின் பின்பக்கம் வேலை. முன்பக்கம் நிற்கும் இருவர் ஈர விரிப்பை உருளைக்குள் விடுவார்கள். அது உள்ளே போய் வெந்து, சுருக்கமெல்லாம் போய், கை பொறுக்காத சூட்டோடு பின்பக்கம் வந்து விழும். வந்ததை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, ஒரு உதறு உதறி, மடித்து அடுக்க வேண்டும். ஒன்றை அடுக்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். உட்கார இடமும் இல்லை, நேரமும் இல்லை. சாயங்காலம் வெளியே வரும்போது அவள் கால் அவளுடையதாகவே இருக்காது. யாரோ கடன் கொடுத்த காலில் நடந்து போவதுபோலப் போவாள்.

அவளுக்கு எதிரே நின்று மடிக்கிறவளுக்கு மைக்செட் என்று பெயர். இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, ரகசியம் பேசினாலும் தெருமுனைவரை கேட்கிற குரல் அவளுக்கு வந்துவிட்டது. பெரியக்காவின் கதை முழுக்க மைக்செட்டுக்குத் தெரியும். அப்படியென்றால் லாண்டரி முழுக்கத் தெரியும்.

கதை இதுதான். தம்பி நடக்கத் தொடங்கியபோது அவனுக்கு இரண்டு பாதமும் உள்பக்கம் திரும்பியிருந்தன. உள்ளங்காலில் குழிவே இல்லை. பலகைபோலத் தட்டை. நான்கு எட்டு வைத்தால் தன் காலே தடுக்கி விழுவான். அம்மாவுக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிற வேலை. அப்பா இருந்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும். யாரோ சொல்லி, கால் வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் ஒரு ஜோடி பூட்ஸ் செய்து கொடுத்தார். கணுக்காலுக்கு மேலே ஏறுகிற தடித்த தோல், அடியில் இரும்புத் தகடு, வரிசையாக வார்கள். எழுந்தது முதல் படுக்கும்வரை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வாழ்நாளெல்லாம் நொண்டிதான் என்றார்.

அம்மா விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். பூட்ஸ் மாட்டுகிற வேலை அக்காவின் தலையில் விழுந்தது. அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், நன்றாகவே படித்தாள். காலையில் தம்பியை மடியில் அமுக்கிப் பிடித்து, அவன் உதைக்க உதைக்க ஒவ்வொரு வாராக இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் பள்ளியில் மணி அடித்துவிடும். தாமதமாகப் போய் வாசலில் நிற்பாள். நாளடைவில் வாசலில் நிற்பதற்கும் போகாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு விடுமுறைக்குப் பிறகு அவள் திரும்பிப் போகவில்லை. யாரும் நிறுத்தவும் இல்லை, யாரும் வந்து கூப்பிடவும் இல்லை.

ஆனால் தம்பியின் கால் நேராகிவிட்டது. பள்ளியில் சேர்க்கிற வயதில் அவன் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம், "இது நீ கொடுத்த கால்டி" என்று அவளிடம் சொன்னார்கள். அம்மா வாயால் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தலை வாரிவிட்டாள். அதற்குமுன் எப்போது வாரிவிட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை.

அதன்பிறகு அவள் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல அவளிடம் ஒரு கதைகூட இல்லை. நடக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா போனாள், அப்பா போனார், வேலைகள் மாறின, கடைசியில் இந்த ரோலர். கையால் தொட்டு, "இதை நான் செய்தேன்" என்று சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். தம்பி படியேறுகிற சத்தம்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எங்கே எது நின்றுபோனாலும் கருவிப் பையோடு மாடி மாடியாக ஏறி இறங்குவான். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் கால்நடைதான். பாலும் சாமானும் தூக்கிக்கொண்டு ஏறி வந்து மூச்சு வாங்க நிற்கும் அக்காவைப் பார்த்து அவன், "புகார் எழுதிக் கொடு, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்பான். அந்த நகைச்சுவை பழசாகிப் பல வருடமாகிவிட்டது. அவன் விடவில்லை.

அவன் மனைவிக்குத் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் புகார் கேட்கிற மேசை. நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்கிவிட்டு வருகிறவள், வீட்டுக்குள் நுழைந்ததும் வாயைச் சாத்திவிடுவாள். அது திமிர் அல்ல, களைப்பு என்று பெரியக்காவுக்குப் புரிய இரண்டொரு வருடம் பிடித்தது. அதன்பிறகு இரண்டு பேருக்கும் நடுவே சண்டை இல்லை. நெருக்கம் என்றும் ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் பாப்பா பிறந்தாள். புருஷன் பெண்டாட்டி இருவரும் காலையிலேயே கிளம்பிவிட, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, காப்பகத்தில் விட்டுவிட்டு லாண்டரிக்குப் போவது அத்தையின் பொறுப்பு. பாப்பா எழுந்து நின்று நடக்கத் தொடங்கினாள். மூன்று வயது நெருங்கும்போது அத்தை ஒருநாள் கூடத்தில் அவள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் இருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள். இரண்டு பாதமும் உள்ளே திரும்பியிருந்தன. குளித்துவிட்டு வந்த ஈரக்காலின் தடம் தரையில் செங்கல் செங்கலாகப் பதிந்திருந்தது. நடுவில் வளைவே இல்லை.

இத்தனை வருடம் கழித்து அதே கால் திரும்பி வந்திருக்கிறது. அவளுக்குப் பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. என்ன செய்ய வேண்டும் என்று இந்த வீட்டில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அன்று சாயங்காலமே பேச்சை எடுத்தாள். தம்பி வழக்கம்போல, "பார்க்கலாம்க்கா" என்றான். அவன் கல்யாணத்துக்கும் அதைத்தான் சொன்னான். அவன் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே, முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்றாள். டாக்டரிடம் காட்டி, அவர் எழுதி, அது நடந்து முடிவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும், எலும்பு முற்றிவிட்டால் பிறகு யாராலும் திருப்ப முடியாது என்றாள் பெரியக்கா. மனைவி குழாயை மூடினாள். வேண்டாம் என்று சொல்லாததை அக்கா சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறை நாளில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கால் குறைபாட்டுக்கான காலணி என்று பலகை போட்ட கடை. உள்ளே இருந்தவர் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். பார்த்தால் பாதி டாக்டர் மாதிரி இருந்தார். பாப்பாவின் காலை மைத்தாளில் அழுத்தித் தடம் எடுத்தார். தாளைத் தூக்கிப் பிடித்து உச்சுக் கொட்டினார். இப்படியே விட்டால் முட்டி போகும், அப்புறம் இடுப்பு, அப்புறம் முதுகு என்று கட்டடத்தை அடியிலிருந்து இடிக்கிறவர்போல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே மேலே போனார். பொண்ணு வேறு, நாளைக்கு நாலு பேர் பார்க்க வேண்டாமா என்று முடித்தார். அவர் அவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. பெரியக்கா கடைக்குள் கால் வைக்கும்போதே வாங்கிவிட்டாள்.

வெள்ளைத் தோல் ஷூ. கணுக்காலைப் பிடிக்கிற உயரம், கட்டைபோல அசையாத குதி, உள்ளே ஒரு பக்கம் மேடு வைத்தது. தம்பியின் பூட்ஸோடு பார்த்தால் இது பூ மாதிரி என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பாப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாளே கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கி நிறுத்தினால் மறுபடி உட்கார்ந்தாள். நடந்தால் முன்பைவிட அதிகமாக விழுந்தாள். காலையில் ஷூவை எடுத்ததுமே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினாள். பெரியக்கா தரையில் படுத்து, கையை நீட்டி, கெஞ்சி, மிரட்டி, இழுத்து வெளியே எடுத்து, மடியில் அமுக்கி மாட்டி முடிப்பாள். முடித்தபோது இருவருமே வியர்த்திருப்பார்கள். அதன்பிறகு பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, காப்பகத்தில் விட்டுவிட்டு, கால் கடுக்க நிற்கிற வேலைக்கு ஓடுவாள். அவளும் இப்போது பழைய வயதுக்காரி இல்லை. ரோலர் பக்கம் நிற்கும்போது சில நாள் விரிப்பின் மூலை கையிலிருந்து நழுவியது. மைக்செட் எதிரிலிருந்து, "பெரியக்கா, தூங்குறதுன்னா சொல்லிட்டுத் தூங்கு, நான் ரெண்டு பக்கமும் புடிச்சிக்கிறேன்" என்று கத்துவாள்.

சில வாரத்தில் பாப்பாவின் இடது குதிகாலில் கொப்புளம் வந்து உடைந்தது. ஒரு சாயங்காலம் குளிப்பாட்டும்போது அதை முதலில் பார்த்தது அவள் அம்மா. அன்றைக்கும் அவள் கத்தவில்லை. மருந்து வைத்தாள், பிள்ளையைத் துவட்டினாள். குழந்தைகள் மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். எந்தக் கிழமை என்றும் சொன்னாள். கேள்வி கேட்கிற குரலில் அது இல்லை.

அந்தக் கிழமை வந்தபோது அவளுக்கு விடுப்பு இல்லை என்றுவிட்டார்கள். அவளுடைய மேசையில் இன்னொருத்திக்குக் காய்ச்சல். தம்பி எங்கோ பதினாறு மாடிக் கட்டடத்தில் சிக்கியிருந்தான். கடைசியில் பெரியக்காதான் லாண்டரியில் அரை நாள் சொல்லிவிட்டுப் பாப்பாவைக் கூட்டிப் போனாள். ஷூவைப் போட்டேதான் கூட்டிப் போனாள். டாக்டர் பார்த்தால் நல்ல காரியம் செய்தீர்கள் என்பார் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

காத்திருக்கிற இடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. காலில் மாவுக்கட்டுப் போட்ட பிள்ளைகள், கம்பி வைத்த பிள்ளைகள். அவர்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே பாப்பாவின் கால் கொஞ்சம் நேராகத் தெரிந்தது.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். அவரும் நாள் முழுக்க நின்றவர்போல நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். முதல் வேலையாக ஷூவைக் கழற்றச் சொன்னார். பாப்பாவை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவிட்டார், ஓடவிட்டார். காலை இரு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வலிக்கிறதா, இரவில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாளா, ஒரு கால் மட்டும் அப்படியா, நொண்டுகிறாளா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் மேசை மேல் இருந்த ஒரு பொம்மையை எடுத்து உயரப் பிடித்தார். பாப்பா எட்டிப் பிடிக்க நுனிக்காலில் எழும்பினாள்.

"இப்ப காலைப் பாருங்க," என்றார் டாக்டர்.

பெரியக்கா குனிந்து பார்த்தாள். தட்டையாகக் கிடந்த உள்ளங்காலில் அழகாக ஒரு வளைவு எழுந்து நின்றது. பாப்பா பொம்மையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றியதும் அது மறைந்தது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இந்த வயதில் பாதி பிள்ளைகளுக்குக் கால் இப்படித்தான் இருக்கும். உள்ளங்காலில் கொழுப்பு இருக்கும், மூட்டு இளசாக இருக்கும், வளைவு தெரியாது. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு வருகிறது என்றால் பாதத்தில் கோளாறு இல்லை. உள்ளே திரும்பியிருப்பதும் வளர வளரச் சரியாகிவிடும். ஏழு எட்டு வயதுவரைகூட ஆகலாம். கொஞ்சம் மிஞ்சினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. வலி வந்தாலோ, கால் விறைத்துக்கொண்டாலோ, ஒரு பக்கம் மட்டும் மோசமானாலோ உடனே வர வேண்டும். மற்றபடி வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே வளைகிற மாதிரி மெத்தென்ற செருப்பு. அவ்வளவுதான்.

"அப்ப இந்த ஷூ?"

"வேணாம்மா. இது காலைத் திருத்தாது. புண்ணு வேற பண்ணியிருக்கு பாருங்க."

பெரியக்கா தம்பியின் கதையைச் சொன்னாள். மைக்செட்டிடம் சொல்வதுபோல நீட்டாமல் சுருக்கமாகச் சொன்னாள். இதே கால், இதே வயது, பூட்ஸ் போட்டுத்தான் நேராச்சு, இன்றைக்கு மாடி மாடியாக ஏறி இறங்குகிறான்.

டாக்டர் பாப்பாவின் செருப்பில்லாத காலைத் தன் கையில் வைத்தபடியே யோசித்தார்.

"உங்க தம்பிய நான் பார்க்கலை. பார்க்காம சொல்லக் கூடாது," என்றார். "ஆனா நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா, போடாம இருந்திருந்தாலும் நேராயிருக்கும்னுதான் நெனைக்கிறேன். ஷூ போட்ட பிள்ளைங்களையும் போடாத பிள்ளைங்களையும் வருஷக்கணக்குல பார்த்திருக்காங்க. பெருசா வித்தியாசம் இல்லை. அப்போ எல்லா டாக்டருங்களும் அதைத்தான் எழுதிக் கொடுத்தாங்க. யார் மேலயும் தப்பு இல்லைம்மா."

வெளியே வந்து பேருந்தில் உட்கார்ந்ததும் பாப்பா மடியிலேயே தூங்கிப்போனாள். கொப்புளத்தில் புதிதாக வைத்த பஞ்சு வெள்ளையாகத் தெரிந்தது. பெரியக்கா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். போடாமல் இருந்திருந்தாலும். அந்த இரண்டு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. உடம்பில் எங்கும் எலும்பே இல்லாததுபோல ஓர் அசதி மட்டும் வந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்ற பெண் யாருக்காக நின்றாள்?

டாக்டரின் அறைக்குள் அப்போது வீட்டார் வேறு யாரும் இல்லை என்ற நினைப்பும் வந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டது அவள் ஒருத்திதான்.

சாயங்காலம் தம்பி மனைவி வந்ததும் வராததுமாகக் கேட்டாள், "டாக்டர் என்ன சொன்னாங்க அண்ணி?"

"பயப்பட ஒண்ணும் இல்லைன்னாங்க. வளர வளரச் சரியாயிடுமாம்," என்றாள். அதில் பொய் எதுவும் இல்லை. ஷூவைப் பற்றி அவள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து பாப்பா பாலைக் கொட்டினாள், பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் ரோலர் பக்கம் நிற்கும்போது மைக்செட்டிடம் விஷயத்தைச் சொன்னாள். உண்மையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. மைக்செட் விரிப்பை உதறிக்கொண்டே, "அதனால என்ன? கால் நேரா இருக்கா, இல்லையா? விடு," என்றாள். விடு என்பது மைக்செட்டுக்குச் சுலபம். அவள் கையில் விரிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

புண் ஆறும்வரை ஷூ சும்மாக் கிடந்தது. ஆறியதும் ஒருநாள் காலையில் பெரியக்கா அதைக் கையில் எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கை பழகிவிட்டது என்பது பாதி. டாக்டரும் மனுஷிதானே, தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன செய்வது என்பது கால்வாசி. மிச்சத்தை அவள் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

கட்டிலுக்கு அடியில் கையை நீட்டக் குனிந்தாள். பாப்பா அங்கே இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அத்தை கையில் ஷூவைப் பார்த்ததும் அவள் ஓடவில்லை, அழவில்லை. ஒரு காலைத் தானாகவே முன்னால் நீட்டினாள். நீட்டிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெரியக்கா அப்படியே நின்றுவிட்டாள். கத்தியிருந்தால் மாட்டியிருப்பாள். உதைத்திருந்தால் அமுக்கிப் பிடித்திருப்பாள். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. எதிர்த்துப் பயனில்லை என்று விட்டுக்கொடுத்துவிட்ட முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? லாண்டரியின் கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தான். மூன்று வயதில் அது வரக் கூடாது.

ஷூவை அலமாரி மேல் போட்டாள். பாப்பாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நீட்டியிருந்த காலை எடுத்து மடியில் வைத்து மெதுவாகத் தடவிக் கொடுத்தாள். அன்றைக்கு இருவருமே தாமதம். காப்பகத்துக்குச் சாதாரணச் செருப்பில், தானே நடந்து போனாள் பாப்பா. வழியில் இரண்டு முறை விழுந்தாள். எழுந்து நடந்தாள்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது பெரியக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நுனிக்காலில் வந்த வளைவு, ஷூ வேண்டாம் என்றது, தான் சொல்லாமல் விட்டது. தம்பியின் காலைப் பற்றி டாக்டர் சொன்னதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பி மனைவி, நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பித்திருக்கலாம். அந்த உரிமை அவளுக்கு இருந்தது. ஆனால் அவள் தண்ணீர்ச் செம்பை நாத்தனாரின் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

பெரியக்கா தம்பியைப் பார்த்துக் கேட்டாள். "உனக்கு அந்த பூட்ஸ் ஞாபகம் இருக்காடா?"

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நேர்மையாகவே யோசித்தான்.

"இல்லையேக்கா. நீ சொல்லித்தான் தெரியும்."

"கொஞ்சங்கூட இல்லையா? எவ்வளவு உதைப்பே. என் தாடையில ஒருநாள் உதைச்சு ரத்தம் வந்துச்சு."

"சத்தியமா இல்லைக்கா. உன் இடுப்புல உக்காந்து போனது ஞாபகம் இருக்கு. எங்க பார்த்தாலும் உன் இடுப்புதான். கீழயே விட மாட்டே."

"எப்படிடா விடுறது? இரும்பு பூட்ஸு. அதைப் போட்டுக்கிட்டு உன்னால ஒரு எட்டு வைக்க முடியாது. காலையில கட்டி விட்டேன்னா சாயங்காலம் வரைக்கும் தூக்கிக்கிட்டேதான்—"

பாதியில் நிறுத்தினாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கையைத் தட்டிலேயே வைத்தபடி சுவரைப் பார்த்தாள். பூட்ஸ் தரையைத் தொடவே இல்லை. அத்தனை வருடமும் அது அவள் தொடைப் பக்கம் தொங்கிக்கொண்டு, நடக்கும்போதெல்லாம் அவளைத்தான் இடித்துக்கொண்டிருந்தது. அவன் நடந்தது முழுக்க அவள் வார்களை அவிழ்த்துவிட்ட நேரத்தில், வெறுங்காலில். எந்தக் காலை எது திருத்தியது?

முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று தம்பி பதறி எழுந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மூச்சு வாங்க, "அது காத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சுடா" என்றாள். தம்பிக்குப் புரியவில்லை. அவன் மனைவிக்கு முதலில் புரிந்தது. வாய் திறந்து பேசாதவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு பொத்தாமலே சிரித்தாள். எதற்கு என்று தெரியாமல் பாப்பாவும் சேர்ந்துகொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் தம்பி மெதுவாக, "என்னாலதானேக்கா நீ படிப்பை விட்டே," என்றான்.

இத்தனை வருடம் அவன் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பாள். இப்போது யோசித்தபோது வேறு பலதும் நினைவுக்கு வந்தன. அம்மாவின் வேலை, அப்பாவின் சும்மா இருத்தல், வந்து கூப்பிடாத பள்ளிக்கூடம். பூட்ஸ் இல்லாமல் இருந்திருந்தாலும் அந்த வீட்டில் யாரோ ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். அந்த யாரோ அவளாகத்தான் இருந்திருப்பாள்.

"பூட்ஸ் மேலதான் இவ்வளவு நாளா பழி போட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "பாவம், அது என்ன பண்ணும். சாப்பிடு. ஆறிப்போச்சு."

அன்றைக்குத் தட்டுகள் எல்லாவற்றையும் தம்பி மனைவியே கழுவினாள். பெரியக்கா எழுந்து வந்தபோது, நீங்க உக்காருங்க அண்ணி என்று ஒரு முக்காலியை அடுப்பங்கரை வாசலில் இழுத்துப் போட்டாள். அவள் உட்கார்ந்தாள். இருவரும் பேசிக்கொண்டது குறைவு. தன் மேசைக்கு அன்றைக்கு வந்த ஒரு புகாரைப் பற்றித் தம்பி மனைவி சொன்னாள். வீட்டில் தொழிலைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

ஷூவைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. போட்டுப் பழகிய சரக்கு என்றுவிட்டார். அவரோடு வாதாடப் பெரியக்காவுக்குத் தெம்பு இல்லை.

அதற்காக அவளுக்கு மனசு ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. சில நாள் ரோலர் பக்கம் நிற்கும்போது, கை தானாக மடித்துக்கொண்டிருக்க, தன்னிடம் இருந்த ஒன்றும் போய்விட்டதே என்று தோன்றும். தம்பி படியேறுகிற சத்தம் இப்போதும் கேட்கிறது. ஆனால் அது அவள் கொடுத்த கால் அல்ல, அவனுடைய கால். அவன் பாட்டுக்கு ஏறி வருகிறான். அப்படிக் கேட்பதற்கு அவள் பழக வேண்டியிருந்தது. பழகுவதும் ஒரு வேலைதான். வேலை அவளுக்குப் புதிது இல்லை.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஓடும்போது பாதம் இன்னும் கொஞ்சம் உள்ளேதான் திரும்புகிறது. விழுவது குறைந்துவிட்டது. விழுந்தாலும் அத்தை முன்போல ஓடிப்போய்த் தூக்குவதில்லை, எழுந்து வரட்டும் என்று நிற்பாள். வருடத்துக்கு ஒருமுறை அந்த டாக்டரிடம் காட்டுகிறார்கள். பெரும்பாலும் அம்மாவும் அத்தையும் சேர்ந்தே போகிறார்கள். யாராவது ஒருவருக்கு விடுப்பு இல்லையென்றால் மற்றவள் வாங்குகிறாள்.

ஒருநாள் பள்ளி வாசலில் ஓர் இளம் தாய், இடுப்பில் ஒரு சின்னப் பையனோடு பெரியக்காவின் பக்கத்தில் வந்து நின்றாள். பையனின் காலைக் காட்டினாள். இரண்டும் உள்ளே திரும்பியிருந்தன. எல்லோரும் ஷூ வாங்கச் சொல்கிறார்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் முன்னால் இப்படி இருந்ததாமே, என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். தூங்காத கண். எங்கேயோ வேலைக்குப் போகிற அவசரம்.

பெரியக்கா பையனின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். தனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். குழந்தைகள் மருத்துவமனையில் இன்ன டாக்டர், எந்தக் கிழமை, எந்த வாசல் வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்று சொன்னாள். அவர் வேண்டும் என்று சொன்னால் வாங்கு, அதுவரை கடைப்பக்கம் போகாதே என்றாள். தம்பியின் கதையைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"எறக்கி விடும்மா," என்றாள். "எவ்வளவு நேரம்தான் தூக்கிக்கிட்டு நிப்பே."

அந்தப் பெண் தயங்கித் தயங்கிப் பையனைக் கீழே விட்டாள். அவன் உள்ளே திரும்பிய காலோடு வாசல் கம்பியை நோக்கி ஓடினான். பெரியக்கா தன் பேருந்து வருகிறதா என்று தெருவைப் பார்த்தாள். இன்னும் வரவில்லை. மதிலில் சாய்ந்து நின்றுகொண்டாள்.